வின்ச் கேபிள் சேதமானால்: முனையைச் சீராக்குவதும் முழுவதையும் மாற்றுவதும்

வின்ச் என்பது டிரம் எனப்படும் உருளையில் கேபிளைச் சுற்றி இழுத்து, சிக்கிக்கொண்ட வண்டியை மீட்கும் கருவி. ஜீப்புகளின் முன்பம்பரில் பொருத்தப்படும் மின்சார வின்ச்சுகளில் பரவலாகக் காணப்படுவது 9500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4300 கிலோ இழுவிசை கொண்ட வகை. அதனுடன் வரும் இரும்புக் கேபிள் பெரும்பாலும் 8 மி.மீ. தடிமனும் 28 மீட்டரை ஒட்டிய நீளமும் உடையது. புதிதாக இருக்கும்போது அது அறுபடாமல் தாங்கும் உச்ச அளவு ஏறத்தாழ 4450 கிலோ. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும். பாரந்தூக்கும் கிரேன்களில் கேபிளின் வலு, அது தூக்கும் எடையைப் போல மூன்றரை மடங்குக்குக் குறையாமல் இருக்குமாறு கணக்கிடுகிறார்கள். வண்டி வின்ச்சில் அப்படிப்பட்ட இடைவெளியே கிடையாது. கேபிள் தன் வலுவில் பத்தில் ஒரு பங்கை இழந்தாலே, முழு விசையில் ஓடும் மோட்டார் அதை அறுத்துவிடக்கூடிய நிலை வந்துவிடுகிறது.

ஆகவே சேதமான கேபிளைக் கையில் எடுக்கும்போது முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இரும்புக் கேபிளை அதன் முனையில் சீராக்கலாம். நடுவில் சீராக்க முடியாது. நடுவில் அறுந்ததை முடிச்சுப் போட்டு இணைப்பதும், இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கிளாம்ப் அடிப்பதும், வெல்டிங் வைப்பதும் பழுதுபார்ப்பு ஆகா. முடிச்சு கேபிளின் வலுவைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். வெல்டிங் வெப்பம் கம்பியின் உறுதியையே கெடுத்துவிடும். நடுவில் அடித்த கிளாம்ப், டிரம்மில் சுற்றும்போது பக்கத்துச் சுற்றுகளை நசுக்கும். சேதம் எங்கே இருக்கிறது, எத்தகையது என்று தெரிந்துகொண்ட பிறகே வெட்டுவதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

சேதத்தைப் பார்த்து அறிதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் வைத்து, சக்கரங்களுக்கு அடைக்கட்டை கொடுக்க வேண்டும். ரிமோட்டின் ஒயரைக் கழற்றி எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பையும் விலக்கிவிட வேண்டும். முழுப் பளுவில் இத்தகைய வின்ச் 400 ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டத்தை இழுக்கும் சாதனம். விரல்கள் டிரம்முக்கு அருகில் இருக்கும்போது யாரோ தெரியாமல் பொத்தானை அழுத்திவிடும் வாய்ப்பை அடியோடு இல்லாமல் ஆக்குவதே சரி. அதன் பிறகு கிளச் நெம்புகோலைத் திருப்பி டிரம்மைத் தளர்த்தினால், மின்சாரமே இல்லாமல் கேபிளைக் கையால் வெளியே இழுக்கலாம். டிரம்மில் கடைசி ஐந்து சுற்றுகள் தெரியும்வரை இழுத்துத் தரையில் நேராகக் கிடத்த வேண்டும்.

கையில் தடித்த தோல் கையுறை இல்லாமல் இரும்புக் கேபிளைத் தொடவே கூடாது. இந்தக் கேபிளில் ஏழு புரிகள், ஒவ்வொரு புரியிலும் பத்தொன்பது கம்பிகள் என மொத்தம் 133 மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று அறுந்து வெளியே சிலும்பி நின்றால் கண்ணுக்கு எளிதில் தெரியாது, ஆனால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். கேபிளைச் சுற்றிப் பட்டறையில் பயன்படும் வேஸ்ட் துணியைத் தளர்வாகப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நகர்த்திச் செல்வது நல்ல வழி. துணி எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு மேலே நகர வேண்டும். மாட்டிய துணியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

ஒரு புரி கேபிளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் நீளத்துக்குள் ஆறு கம்பிகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ கேபிளைக் கழித்துவிட வேண்டும் என்பது கிரேன் துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அவர்கள் மூன்றரை மடங்கு இடைவெளி வைத்துக்கொண்டு சொல்லும் கணக்கு அது. வின்ச்சுக்கு அதைவிடக் கடுமையாக இருப்பதில் தவறில்லை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று கம்பிகள் சிலும்பியிருந்தாலே அந்தப் பகுதியை நம்பக் கூடாது என்பது என் கருத்து.

கம்பி அறாமலேயே கேபிள் கெட்டுப்போவதும் உண்டு. தளர்ந்து கிடந்த கேபிளில் ஒரு வளையம் விழுந்து, அது அப்படியே இறுகி மடிந்திருந்தால், சுத்தியலால் தட்டி நிமிர்த்தினாலும் அந்த இடத்தின் வலு திரும்ப வராது. புரிகள் முறுக்கவிழ்ந்து ஓரிடத்தில் உப்பியிருந்தாலும், மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து கேபிள் தட்டையாக நசுங்கியிருந்தாலும் அதே நிலைதான். துரு மேலோட்டமாக இருந்தால் துடைத்து எண்ணெய் பூசிவிடலாம். கேபிளைச் சற்று வளைத்துப் பார்க்கும்போது புரிகளுக்கு இடையிலிருந்து செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் துரு உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். வெர்னியர் காலிப்பரால் தடிமனை அளக்கும்போது எதிரெதிர்ப் புரிகளின் மேடுகளைத் தொடுமாறு பிடிக்க வேண்டும்; 8 மி.மீ. கேபிள் 7.6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

சேதம் கொக்கியை ஒட்டிய முதல் இரண்டு மூன்று மீட்டருக்குள் மட்டும் இருந்தால், அதை வெட்டி நீக்கிவிட்டுப் புதிய முனை அமைத்துக்கொள்ளலாம். அதற்கு அப்பால் இருந்தால் முழுவதையும் மாற்றுவதே வழி. பத்து மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்பவர், கேபிள் எட்டாத இடத்தில் மரம் நிற்கும் நாளில்தான் அதன் விலையை உணர்வார்.

முனையை வெட்டிப் புதிதாக அமைத்தல்

வெட்டப்போகும் இடத்தின் இருபுறமும் இன்சுலேஷன் டேப்பை நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, அதன்மேல் மெல்லிய கட்டுக்கம்பியால் கட்டிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் முறுக்கு அவிழ்ந்து முனை விளக்குமாறு போல விரிந்துவிடும். பிறகு அதைத் திம்பிளிலும் (கேபிளை மடிக்கும்போது வளைவின் உட்புறம் வைக்கும் பள்ளமுள்ள உலோக வளையம்) நுழைக்க முடியாது, கிளாம்பிலும் பிடிக்க முடியாது. கேபிள் கட்டர் இருந்தால் நல்லது. இல்லாதபோது 1 மி.மீ. வெட்டுத்தகடு பொருத்திய ஆங்கிள் கிரைண்டர் போதும். கண்ணாடி அணிந்து, கேபிளை வைஸில் பிடித்து, இரண்டு கட்டுகளுக்கும் நடுவே வெட்ட வேண்டும். கேஸ் டார்ச்சால் அறுக்கக் கூடாது.

முனையில் கண், அதாவது கொக்கி மாட்டும் வளையம், அமைப்பதற்குச் சிறந்த முறை, வயர் ரோப் விற்கும் கடையில் கொடுத்து, திம்பிள் வைத்து மடித்து, ஃபெருல் என்னும் உலோகக் குழாய்த்துண்டை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திப் பொருத்தச் செய்வது. சென்னைப் பாரிமுனைப் பகுதி போன்ற தொழிற்பொருள் கடைத்தெருக்களில் இந்த வேலையைச் செய்து தருகிறார்கள். சரியாக அழுத்தப்பட்ட ஃபெருல் கேபிளின் வலுவில் பெரும்பகுதியைக் காப்பாற்றும்.

காட்டுப் பாதையில் நிற்கும்போது அதற்கு வழி இல்லை. அங்கே யூ கிளாம்புகள்தான் கைகொடுக்கும். ஆனால் சரியாக இறுக்கப்பட்ட யூ கிளாம்பும் கேபிளின் வலுவில் எண்பது விழுக்காட்டைத்தான் தரும். 4450 கிலோவில் எண்பது விழுக்காடு 3560 கிலோ. வின்ச்சின் முழு இழுவிசையோ 4300 கிலோ. அதாவது, கிளாம்ப் போட்ட முனையை வின்ச் தானே உருவிவிட முடியும். ஆகவே இது வீடு திரும்பும்வரைக்கான ஏற்பாடு. அந்த நிலையில் இழுக்க நேர்ந்தால் கப்பி ஒன்றைக் கோத்து, கேபிளை மடித்து இழுத்தால் ஒவ்வொரு இழையிலும் விழும் பளு ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

கிளாம்பைப் பொருத்தும் திசையில்தான் பலர் தவறுகிறார்கள். யூ கிளாம்பில் வளைந்த போல்ட் ஒன்றும், பள்ளம் வெட்டிய அடிக்கட்டை ஒன்றும் இருக்கும். அடிக்கட்டை எப்போதும் பளுவைத் தாங்கும் நீளப் பகுதியின்மேல் அமர வேண்டும். வளைந்த போல்ட் மடித்து வந்த குட்டை முனையை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் வளைந்த போல்ட் பளு தாங்கும் பகுதியைக் கடித்து நசுக்கிவிடும். ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியும் மாற்றி மாற்றிப் போடும் பழக்கமும் அதே அளவு தவறானது. 8 மி.மீ. கேபிளுக்கு இரண்டு கிளாம்புகள் போதும் என்று சில தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் சொன்னாலும், மூன்று போடுவதே நல்லது. அதற்குத் திம்பிளைச் சுற்றி மடிக்கும் குட்டை முனை 200 மி.மீ. அளவுக்கு இருக்க வேண்டும். கிளாம்புகளுக்கு இடையே ஐந்து செ.மீ. அளவு இடைவெளி விட வேண்டும்.

முதல் கிளாம்பைக் குட்டை முனையின் ஓரத்தை ஒட்டிப் போட்டு இறுக்கி, இரண்டாவதைத் திம்பிளை ஒட்டிக் கையால் மட்டும் திருகி, மூன்றாவதை நடுவில் வைத்து, இரண்டு இழைகளிலும் தளர்வு இல்லாதவாறு இழுத்துப் பிடித்துக்கொண்டு எல்லா நட்டுகளையும் மாறி மாறி இறுக்க வேண்டும். அடித்து உருவாக்கப்பட்ட தரமான கிளாம்புக்கு இந்த அளவில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுப்பது வழக்கம். ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வார்ப்பு கிளாம்புகள் பந்தல் கட்டவும் கொடிக்கம்பி இழுக்கவும் ஆனவை; அவற்றை இந்த வேலைக்கு வாங்கக் கூடாது. முதல் முறை பளு ஏறியதும் கேபிள் அழுந்தி மெலியும். உடனே நிறுத்தி எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும்.

இரும்பா, சின்தெடிக்கா

முழுவதையும் மாற்றுவது என்று முடிவான பின், இரும்பையே போடுவதா, டைனீமா போன்ற வலுவான செயற்கை இழையால் பின்னிய சின்தெடிக் ரோப்புக்கு மாறுவதா என்ற கேள்வி எழும். 28 மீட்டர் இரும்புக் கேபிள் ஏழு கிலோவை ஒட்டி எடையிருக்கும். அதே நீளத்துக்கு 10 மி.மீ. சின்தெடிக் ரோப் இரண்டு கிலோவைக்கூட எட்டாது, வலுவோ இரும்பைவிட மிகுதி. எடை குறைவு என்பதால் அறுந்தாலும் இரும்பைப் போல வீசி அடிக்காது. ஆனால் ஆபத்தே இல்லை என்று விற்பனையாளர் சொல்வதை நம்ப வேண்டாம். ரோப் பறக்காவிட்டாலும் அதன் முனையில் இருக்கும் கொக்கியும் ஷேக்கிளும் (ஊசியால் பூட்டும் யூ வடிவ இணைப்பு வளையம்) பறக்கும்.

சின்தெடிக்கின் பகை வெப்பமும் உராய்வும் வெயிலும். அந்த இழை 150 பாகை செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். அதற்கு முன்பே வலு குறையத் தொடங்கும். பல வின்ச்சுகளில் அவற்றின் பிரேக், கேபிள் சுற்றும் டிரம்முக்கு உள்ளேயே இருப்பதால், பளுவோடு கேபிளை வெளிவிடும்போது டிரம் சூடேறி, அதை ஒட்டிய முதல் அடுக்கை வாட்டிவிடும். வண்டியைச் சரிவில் வின்ச்சைக் கொண்டு இறக்கும் வேலை அடிக்கடி இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கருத வேண்டும். இரும்புக் கேபிள் உரசிப் பள்ளம் விழுந்த உருளை ஃபேர்லீடை (வின்ச்சின் முன்னால் கேபிளுக்கு வழிகாட்டும் சட்டம்) அப்படியே வைத்துக்கொண்டு சின்தெடிக் போடக் கூடாது. உருளைகள் இல்லாத, வழவழப்பான அலுமினிய ஹாஸ் ஃபேர்லீடுக்கு மாற்றிவிட வேண்டும். மழைக்குப் பிறகு ரோப்பை அவிழ்த்துக் கழுவிக் காய வைக்கும் பொறுமை உள்ளவர்களுக்குச் சின்தெடிக்கையே நான் பரிந்துரைப்பேன். ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நின்று, யாரும் திரும்பிப் பார்க்காத வண்டிக்கு இரும்பே பொருந்தும்.

பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துதல்

கடைசிச் சுற்றுகளை அவிழ்ப்பதற்கு முன், கேபிள் டிரம்மின் மேற்புறத்திலிருந்து வருகிறதா கீழ்ப்புறத்திலிருந்து வருகிறதா என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வண்டி வின்ச்சுகளில் அது கீழ்ப்புறத்திலிருந்தே வரும். இது அழகுக்கான விதி அன்று: பிரேக் ஒரு திசையில் மட்டுமே பிடிக்குமாறு அமைக்கப்பட்டது, கேபிளை எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் பளுவைத் தாங்கி நிறுத்த வேண்டிய பிரேக் தாங்காமல் போகலாம். டிரம்மின் விளிம்பிலோ உடலிலோ கேபிளைப் பிடித்திருக்கும் சிறு திருகு பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து அரை மணிநேரம் ஊற விட்டுத் திருப்பினால் தலை சிதையாமல் வந்துவிடும். அந்தத் திருகின் அளவைப் பார்த்தாலே தெரியும், அது நான்கு டன்னைத் தாங்குவதற்கானது அன்று. பளுவைத் தாங்குவது டிரம்மைச் சுற்றி இறுகியிருக்கும் சுற்றுகளின் உராய்வு. அதனால்தான் இரும்புக் கேபிளில் ஐந்து சுற்றுகளும், வழுக்கும் தன்மை கொண்ட சின்தெடிக்கில் எட்டு முதல் பத்துச் சுற்றுகளும் எந்த நிலையிலும் டிரம்மில் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

காலியான டிரம்மைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, கூர்மையான பிசிறுகள் இருந்தால் அரத்தால் தேய்த்து உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். ஃபேர்லீட் உருளைகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்பதையும், கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, அதன் பூட்டுநாக்கு மூடுகிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

புதிய இரும்புக் கேபிள் வளையமாகச் சுருட்டப்பட்டு வரும். அந்தச் சுருளைத் தரையில் படுக்க வைத்துவிட்டு முனையைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு ஏறி, இருபது மீட்டருக்குள் எங்காவது மடிப்பு விழுந்துவிடும். சுருளை நிமிர்த்தி நிறுத்தி, சக்கரம் உருளுவதைப் போலத் தரையில் உருட்டிக்கொண்டே சென்று விரிக்க வேண்டும். அடுத்து, டிரம்மில் மாட்டப்போகும் முனையை முதலில் ஃபேர்லீடின் வழியாக உள்ளே செலுத்த வேண்டும். இதை மறந்து டிரம்மில் பூட்டிவிட்டு, ஐந்து சுற்றுச் சுற்றிய பிறகு நினைவுக்கு வந்து எல்லாவற்றையும் அவிழ்ப்பது பட்டறைகளிலேயே நடக்கும் கூத்து. முனையைத் திருகால் பிடித்து, முதல் ஐந்தாறு சுற்றுகளை மின்சாரம் இல்லாமல் டிரம்மைக் கையால் திருப்பி, ஒன்றை ஒன்று ஒட்டியவாறு நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இந்த முதல் அடுக்கு ஒழுங்காக அமைந்தால்தான் அதன்மேல் வரும் அடுக்குகள் ஒழுங்காக அமையும்.

பளுவோடு சுற்றுதல்

மாற்றும் வேலையில் பலரும் விட்டுவிடும் பகுதி இதுதான். புதிய கேபிளைத் தளர்வாகச் சுற்றிக் கொக்கியை மாட்டிவிட்டால் பார்வைக்கு வேலை முடிந்ததாகத் தோன்றும். முதல் முறை கடுமையாக இழுக்கும்போது, மேலடுக்கு தளர்ந்த கீழடுக்குகளுக்கு நடுவே புதைந்து, நசுங்கி, சிக்கிக்கொள்ளும். புதுக் கேபிள் ஒரே நாளில் பழையதாகிவிடும். அதைத் தவிர்க்க, முழு நீளத்தையும் 250 கிலோ அளவுப் பளுவோடு சுற்ற வேண்டும்.

மிக மெல்லிய மேட்டுச் சரிவில், வேர் ஊன்றிய உறுதியான மரம் ஒன்றைப் பார்த்தவாறு வண்டியை நிறுத்த வேண்டும். மரத்தில் அகலமான நாடாப் பட்டையைச் சுற்றி, அதன் இரு கண்களையும் ஷேக்கிளில் கோத்து, கொக்கியை அதில் மாட்ட வேண்டும். கேபிளையே மரத்தில் சுற்றி அதன்மேலேயே கொக்கியைப் பூட்டினால் மரமும் கெடும், கேபிளும் கெடும். பேட்டரியை இணைத்து, கிளச்சைப் பூட்டி, வண்டியை நியூட்ரலில் வைத்து, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கால்பிரேக்கை மிக மெல்ல அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் ரிமோட் ஒயரின் முழு நீளத்துக்கு விலகிப் பக்கவாட்டில் நின்று இயக்க வேண்டும். வண்டி தன் எடையாலும் பிரேக்காலும் தரும் எதிர்ப்பே கேபிளை இறுக்கமாகப் படிய வைக்கும். மூன்று நான்கு மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, டிரம்மில் சுற்றுகள் வரிசையாக அமர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருபுறமாகக் குவிந்தால் நிறுத்தி, பளுவைத் தளர்த்தி, சற்று வெளிவிட்டுத் திருத்த வேண்டும். ஓடும் கேபிளைக் கையாலோ காலாலோ தள்ளி வழிப்படுத்துவது விரல்களை ஃபேர்லீடுக்குக் கொடுப்பதற்குச் சமம். கேபிள் இறுகியிருக்கும்போது அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, அதைத் தாண்டவும் கூடாது. நடுவில் ஒரு கனத்த போர்வையையோ டேம்பர் பையையோ போட்டு வைப்பது அறுந்தால் வீச்சைக் குறைக்கும். மரத்தை நெருங்கியதும் வண்டியைப் பிரேக் போட்டு நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, கடைசி ஒன்றிரண்டு மீட்டரைச் சுற்றும்போது கொக்கியில் கட்டிய சிவப்பு நாடாவை மட்டும் பிடித்துக்கொண்டு, பொத்தானைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். கை ஃபேர்லீடுக்கு ஓரடிக்குள் வரவே கூடாது.

சின்தெடிக் நடுவில் அறுந்தால்

இரும்புக்கு இல்லாத வசதி ஒன்று சின்தெடிக்குக்கு உண்டு. பன்னிரண்டு புரிகளால் உள்ளீடின்றிப் பின்னப்பட்ட அந்த ரோப்பை நடுவிலும் இணைக்க முடியும். ரோப்பை இரு கைகளாலும் நெருக்கினால் பின்னல் விரிந்து உள்ளே வழி திறக்கும், இழுத்தால் இறுகும். இணைப்பு நிற்பது இந்த இறுக்கத்தால்தான். சிதைந்த பகுதியை இருபுறமும் வெட்டி நீக்கி, இரு முனைகளையும் எதிரெதிரே கிடத்தி, ஒவ்வொன்றையும் மற்றதன் உள்ளே ரோப்பின் தடிமனைப் போல 72 மடங்கு நீளத்துக்குச் செலுத்த வேண்டும், 10 மி.மீ. ரோப்புக்கு அது 720 மி.மீ. இதற்கென விற்கும் ஊசி இல்லாவிட்டால், மடித்த கட்டுக்கம்பியில் முனையைக் கோத்துச் செலுத்தலாம். உள்ளே போகும் முனையை அப்படியே மொட்டையாக விடாமல், இடைவெளி விட்டு ஒவ்வொரு புரியாக வெட்டிக் கூம்பாக்க வேண்டும். இல்லையேல் அது முடியும் இடத்தில் ரோப்பின் உருவம் திடீரென மாறி, அங்கேயே அறும். பிறகு வெளிப்பின்னலைக் கையால் உருவி உருவி நீவி, சுருக்கங்களை எல்லாம் வெளியேற்றி, பளு இல்லாதபோது நழுவாமலிருக்க இணைப்பின் தொடக்கத்தில் அதே இழையால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிட வேண்டும். நன்றாகப் போட்ட இணைப்பு ரோப்பின் வலுவில் பெரும்பகுதியைத் தரும். ஓரிடத்தில் உருகிக் கண்ணாடி போல் கெட்டிப்பட்டிருந்தால் மட்டும், அந்தப் பகுதி முழுவதையும் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டே இணைக்க வேண்டும்.

எந்த வகையாயினும், முதல் உண்மையான இழுவைக்குப் பிறகு டிரம் திருகையும் கொக்கியின் ஊசியையும் சரிபார்த்து, இரும்பானால் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி மீண்டும் பளுவோடு சுற்றி வைக்க வேண்டும். கழற்றிய பழைய கேபிளைப் பட்டறை மூலையில் முழுதாகப் போட்டு வைத்தால், என்றாவது ஒருநாள் யாராவது அதை எடுத்துப் பள்ளத்தில் கிடக்கும் லாரிக்குக் கட்டுவார்கள்; பழைய இரும்புக்குப் போடும் முன் அதை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டிவிட வேண்டும்.